இருநூற்றுப் பதினாறு வாட் எங்கே போகிறது?

மீட்டரில் 206 வோல்ட் என்று காட்டியது. நான் நம்பவில்லை. முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடியும் பிளக் துளைகளில் வைத்தேன். 206தான்.

அண்ணன் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். அந்தக் குழாய் போய்ச் சேரும் ஆக்சிஜன் மெஷின் கட்டில் காலருகே நின்று விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அது கத்தும்போதெல்லாம் அண்ணி சரோஜா அடுப்படியிலிருந்து ஓடி வந்து அண்ணன் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைப் பார்ப்பார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது காட்டும். தொண்ணூற்று மூன்றுக்கு மேல் இருந்தால் அண்ணி திரும்பிப் போவார். குறைந்தால் அங்கேயே நிற்பார்.

அன்று புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் நடுவில் இருக்கிற, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் அண்ணன் வீடு. படையலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், வாழை இலைக் கட்டு. உள்ளே பெரிய ரைஸ் குக்கரில் சாமிச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கெட்டிலில் தேத்தண்ணிக்கு வெந்நீர்.

மெஷின் ஒரு வாரமாக இப்படிக் கத்துகிறது என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். ஒரு வாரம்! கூடப் பிறந்தவள் ஒருத்தி மம்பாவில் இருக்கிறாள், முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, பாமாயில் ஆலையில் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் வேலை பார்க்கிறாள் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஒருத்தர் கண்ணேறு என்றாராம். அண்ணி சாமி குத்தம் என்று பயந்துபோயிருந்தார். அண்ணியின் தம்பி மணியம் லோரி ஓட்டுகிறவர், தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் இல்லாதவர். அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"மெஷின் ரோசாக்லா. கெட்டுப்போச்சு. திங்கக்கெழம கம்பெனிக்காரன் வந்து தூக்கிட்டுப் போயி வேற குடுப்பான். நீ ஏன் பிளக்க நோண்டிக்கிட்டு இருக்க?"

 மெஷினின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். 207 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை ஒலிக்கும் என்று அதில் இருந்தது. மெஷினுக்கு ஒன்றும் இல்லை. பசிக்கு அழும் பிள்ளைக்கு நாம் வேப்பெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அணைக்க முடியாத ஒன்று

போன வாரம் இந்தப் பத்தியில், ஆலையில் மேனேஜரோடு நான் போட்ட சண்டையை எழுதியிருந்தேன் அல்லவா? பகாவிலிருந்து ஓர் அம்மா, ஒரு பெண்ணுக்கு இத்தனை கோபம் ஆகாது என்று கடிதம் போட்டிருக்கிறார். அவர் சொல்வது சரிதான். இந்த வாரம் எழுதுவதைப் படித்தால் இன்னொரு கடிதம் போடுவார்.

வோல்ட் குறைகிறது என்று தெரிந்துவிட்டது. ஏன் குறைகிறது என்று தெரிய வேண்டும். வழக்கமாக வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓர் அளவு எடுப்போம். பிறகு எல்லாவற்றையும் போட்டு இன்னோர் அளவு. இங்கே எல்லாவற்றையும் அணைப்பது என்றால் அண்ணனின் மூச்சையும் சேர்த்து அணைப்பது.

அதனால் வேறு வழியில் போனேன். கெட்டிலும் குக்கரும் ஓடும்போது வீட்டுக்குள் வரும் மொத்தக் கரண்ட்டை கிளாம்ப் மீட்டரால் கவ்விப் பார்த்தேன். பன்னிரண்டு ஆம்பியர், 206 வோல்ட். இரண்டையும் நிறுத்தி மெஷினை மட்டும் விட்டேன். இரண்டு ஆம்பியர், 221 வோல்ட். மெஷின் உடனே கத்துவதை நிறுத்தியது.

பத்து ஆம்பியர் கூடினால் பதினைந்து வோல்ட் காணாமல் போகிறது. பதினைந்தைப் பத்தால் வகுத்தால் ஒன்றரை. எங்கோ ஒன்றரை ஓம் தடை உட்கார்ந்திருக்கிறது. ஒழுங்காக இழுத்த ஒரு சிறிய வீட்டு லைனில் அதில் கால்பங்குகூட இருக்கக் கூடாது.

ஆபத்து தெரிந்தது அடுத்த பெருக்கலில்தான். பன்னிரண்டு ஆம்பியர் அந்த ஒன்றரை ஓமைத் தாண்டும்போது பதினெட்டு வோல்ட் அங்கே விழுகிறது. பதினெட்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் இருநூற்றுப் பதினாறு. இருநூற்றுப் பதினாறு வாட்.

காணாமல் போன வோல்ட் காற்றில் கரைந்துவிடாது. அது சூடாக மாறும். நூறு வாட் குண்டு பல்புகள் இரண்டை இந்தப் பலகை வீட்டுக்குள் யாரோ ஒளித்து வைத்து எரிய விட்டிருக்கிறார்கள். எங்கே என்று தெரியவில்லை. ஒரு வாரமாக எரிகிறது.

பெரட்டுக் களத்து வாசல்

இந்தக் கணக்கை எங்களுக்குத் தொழிற்பள்ளியில் ஒரு முக்கோணம் வரைந்து சொல்லிக் கொடுத்தார்கள். மேலே வோல்ட், கீழே ஆம்பியரும் ஓமும். வேண்டியதை விரலால் மறைத்தால் விடை வரும். நான் அந்த முக்கோணத்தை ஒருநாளும் நம்பியதில்லை. விரலை எடுத்ததும் மறந்துவிடும்.

எனக்குப் புரிந்தது எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில்தான். விடிவதற்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடத்தைத்தான் பெரட்டு என்போம். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் இருநூறு பேரும் ஒரே சமயத்தில் கிளம்புவார்கள். களம் அகலம், ஆனால் வெளியே போகும் கேட் ஒடுக்கம். களத்தில் நிற்கும்போது குளிரும். கேட்டை நெருங்கினால் வேர்க்கும். கூட்டம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு வேர்வை. பத்துப் பேர் மட்டும் போனால் அந்தக் கேட் ஒடுக்கம் என்றே தெரியாது.

கரண்ட்டும் அப்படித்தான். அதனால்தான் இந்தக் கோளாறு இத்தனை வருடம் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஓடிய வீடு இது. அண்ணனுக்கு நுரையீரல் கெட்டு ஆக்சிஜன் மெஷின் வந்தபோது, வீட்டுக்குள் நெருப்பே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அண்ணி அன்றைக்கே கேஸ் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு எல்லாச் சமையலையும் கரண்ட்டுக்கு மாற்றினார். சொன்ன சொல்லை அப்படியே கேட்டார். கூட்டம் பெரிதாகிக் கேட்டில் வேர்க்க ஆரம்பித்தது அப்போதுதான்.

பலகைக்கு அந்தப் பக்கம்

கெட்டிலையும் குக்கரையும் போடவே கூடாது என்று சொன்னேன். அண்ணியின் முகம் மாறிவிட்டது.

"சாமிச் சோறு தேவி. பாதி வெந்தத எப்படி நிறுத்துறது?"

வெளியே விறகு வைத்து வேக வையுங்கள் என்றேன். சொன்ன தொனி நன்றாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. பெண்கள் இரண்டு பேர் குக்கர் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். 

நான் வீட்டைத் தடவ ஆரம்பித்தேன். மெஷினுக்கு இழுத்திருந்த நீட்டு வயர் குளிர்ந்து கிடந்தது. பிளக் பாயிண்ட் குளிர்ச்சி. ஹாலில் இருந்த சின்ன ஃபியூஸ் பெட்டியும் அப்படியே. ஐந்தடிக்கு ஒருமுறை புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். மணியம் என் பின்னாலேயே வந்தார், கேலியாக எதுவோ சொல்லிக்கொண்டு.

அடுப்படி வாசலுக்கு வெளியே சுவரில் மெயின் சுவிட்ச். பழைய இரும்புப் பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. புறங்கையைக் கிட்டே கொண்டுபோனபோதே தெரிந்துவிட்டது. கெட்டிலை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியும் தோசைக்கல் மாதிரி இருந்தது. பெட்டியின் கீழ் விளிம்பில் பலகை காப்பிக் கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தது.

அந்தப் பலகையின் மறுபக்கம் அண்ணனின் அறை என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே ஓடினேன். நான் பயந்தது சரிதான். கரண்ட் போனால் உதவும் என்று கொடுத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைச் சரியாக அந்த இடத்தில்தான் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் பக்கத்தில் ஒரு பொறி இருந்தால் அதை நெருப்பாக்கிவிடும்.

சிலிண்டரை நானே இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து அண்ணனின் கால்மாட்டுக்குக் கொண்டுவந்தேன்.  மணியம் கேலி பேசுவதை நிறுத்தியிருந்தார்.

மெஷின் மட்டும் ஓடினால் அந்தப் பெட்டியில் எவ்வளவு சூடு என்று மனதில் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆம்பியர், மூன்று வோல்ட், ஆறு வாட். ஆபத்தில்லை. கரண்ட் ஆறில் ஒரு பங்கானால் சூடு முப்பத்தாறில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். அதனால் அவசரப்படாமல், புதிய சுவிட்ச் கைக்கு வந்த பிறகு நிறுத்தி மாற்றலாம் என்று முடிவு செய்தேன். மணியம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரந்தாவுக்குப் போனார். என்ன வாங்க வேண்டும் என்று அவர் உள்ளங்கையில் பேனாவால் எழுதி அனுப்பினேன்.

என் முதல் லைன்

அந்தப் பெட்டியை மாட்டியது நான்தான். அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

எனக்கு இருபத்திரண்டு வயது. வயர்மேன் பரீட்சை பாஸ் பண்ணி லைசன்ஸ் கையில் வந்து மூன்று மாதம், ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. பொம்பளைப் பிள்ளை இழுத்த லைனில் விளக்கு எரியுமா என்று தோட்டத்தில் சிரித்தார்கள். அண்ணன் அப்போது மருந்தடிக்கும் வேலையில் இருந்தார். கல்யாணம் ஆன புதிது. வீட்டில் இருந்த பழைய வயரையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பிடுங்கி வாசலில் போட்டார். நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்குகள் அவை.

"இப்ப நீதான் போட்டாவணும் பாப்பா. இல்லன்னா நானும் உங்க அண்ணியும் இருட்டுலதான் இருக்கணும்" என்றார். புது மனைவி முறைத்ததை அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நான்கு நாள் எடுத்தேன். ஐந்தாம் நாள் கைப்பிடியைத் தூக்கியபோது வாசல் விளக்கு எரிந்தது. அண்ணன், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயம் முழுவதும் நடந்துபோய் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அண்ணி கணக்கு

மணியம் போய்க் கால் மணி நேரம் இருக்கும். நான் வாசலில் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மணியத்தின் மனைவி அப்போதுதான் வந்தவர், நடந்தது எதுவும் தெரியாது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஆற்றுவோமே என்று அடுப்படிக்குப் போய்க் கெட்டிலைத் தட்டிவிட்டார்.

பெட்டிக்குள் எண்ணெயில் தண்ணீர் விழுந்தது போல் ஒரு சத்தம். கருகல் வாடை. விசிறி நின்றது. பிறகு மெஷின் நின்றது.

அந்த மெஷினின் உறுமல் எத்தனை பெரியது என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது. வீடு முழுக்க அண்ணனின் மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து இழுத்து வந்தது.

நான் ஓடும்முன் அண்ணி ஓடியிருந்தார். குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டி, வால்வைத் திருப்பி, ஊசியைப் பார்த்து, ஒரே மூச்சில் சொன்னார்.

"நாப்பது காட்டுது. சிலிண்டரு அஞ்சு லிட்டர். ரெண்டையும் பெருக்குனா எரநூறு லிட்டர் இருக்கு. இவருக்கு நிமிசத்துக்கு நாலு லிட்டர்ல ஓடணும். அம்பது நிமிசம் தேவி. அதுக்கு மேல இல்ல."

நான் அவரையே பார்த்தேன். ஆஸ்பத்திரியில் தாதி ஒருமுறை சொல்லிக் கொடுத்ததாம். தினமும் ஊசியைப் பார்த்து மனக்கணக்காகப் போட்டுப் பார்ப்பாராம். ஆறாம் வகுப்போடு நின்ற அண்ணிக்கு என்ன தெரியும் என்று இருபத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த நிமிடத்தில் அது என்னைச் சுட்டது.

ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம் என்றார்கள். ஒரு மணி நேரம் எங்களிடம் இல்லை.

தோட்டத்து லைன் தோட்டத்துக்குச் சொந்தம். லயக் கோடியில் இருக்கும் கம்பத்துப் பெட்டியில்தான் இந்த வீட்டுக்கு ஃபியூஸ். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டே ஓடி அதைப் பிடுங்கி என் கால்சட்டைப் பைக்குள் போட்டேன். எங்கள் தொழிலில் அதுதான் பழக்கம். உதவுகிறேன் என்று யாரும் பின்னாலேயே வந்து ஃபியூஸை மாட்டிவிடக் கூடாது.

மூடியைத் திறந்தபோது

நாற்பத்து நான்கு நிமிடம் இருக்கும்போது மூடியைத் திறந்தேன். இரண்டு திருகாணி துருப்பிடித்து வரவில்லை, அவற்றை உடைத்தேன்.

உள்ளே பச்சை. செம்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் களிம்பு. மேல் முனையில் வயர் கருகி ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்காய் ஒட்டியிருந்தது. சுரண்டினேன். சந்தனம். இன்னும் சுரண்டினேன். பெட்டியின் அடியில் கறுத்துப்போன எலுமிச்சை விதைகள் கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி.

"எந்த முட்டாள் இதுக்கு மேல எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சது?"

நான் கத்தினேன். ஆலையில் கத்துகிற மாதிரி, மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரலில் கத்தினேன். கூடாரத்தில் பேச்சு நின்றுபோனது.

பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணி எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார், தொண்ணூற்று ஒன்று, தொண்ணூறு என்று. அவரும் நிறுத்திவிட்டார்.

அந்த அமைதியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆயுத பூஜை. லோரிக்கும் மோட்டாருக்கும் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். சக்கரம் இல்லாத சாமானுக்கு? பழத்தை இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவி மேலே வைப்போம், மஞ்சள் தண்ணீர் தெளிப்போம், சந்தனம் அப்புவோம். இந்தப் பெட்டியின் உச்சியில் வயர் நுழைய ஒரு துளை இருக்கிறது. அதை அடைக்காமல் விட்டது நான். புளிப்பும் தண்ணீரும் வருடா வருடம் அந்தத் துளை வழியே இறங்கிச் செம்பைத் தின்றிருக்கின்றன. இந்த வருடத்து ஆயுத பூஜை போன வாரம்தான் முடிந்திருந்தது.

முதல் வருடம் அந்தப் பழத்தை வைத்ததும் நான்தான். என் முதல் லைனுக்கு நானே அறுத்து, நானே குங்குமம் தடவி, நானே வைத்துக் கும்பிட்டேன். இருபத்திரண்டு வயதில், லைசன்ஸ் வைத்திருந்தவள்.

பத்தொன்பது நிமிடம்

கருகிய வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டினேன். பலகையில் கரியான இடத்தைச் சுரண்டி ஈரத் துணி வைத்தேன். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மணியம் வரவில்லை.

போன் போட்டால் எடுக்கவில்லை. அண்ணி உள்ளேயிருந்து நிமிடத்தைச் சொன்னார். முப்பது. இருபத்தேழு. குரலில் அழுகை இல்லை, மாரியம்மன் கோவில் மைக்கில் பெயர் வாசிப்பது போல் தெளிவாக இருந்தது. நடுநடுவே விரல் கிளிப்பின் எண். எண்பத்தெட்டு. சிலிண்டரில் வேகத்தைக் குறைத்தால் நேரம் நீளும், ஆனால் அண்ணன் தாங்கமாட்டார். கூட்டினால் அண்ணன் தேறுவார், ஆனால் நேரம் இருக்காது. அண்ணி எதையும் தொடவில்லை. அந்த மன உறுதி எனக்கு வந்திருக்காது.

சுவிட்சே இல்லாமல் இரண்டு முனையையும் நேரே முறுக்கி இணைத்துவிடலாம் என்று யோசித்தேன். சட்டப்படி குற்றம். லைசன்ஸ் போய்விடும், வீட்டுக்கும் ஆபத்து. பதினைந்து நிமிடம் என்று அண்ணி சொன்னால் முறுக்கிவிடுவது என்று முடிவு செய்து, இணைப்பானைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"பத்தொன்பது" என்று அண்ணி சொன்னபோது மோட்டார் சத்தம் கேட்டது.

ரந்தாவில் கடை பூட்டியிருந்ததாம். கடைக்காரர் வீட்டைத் தேடிப் போய்ச் சோற்றுக் கையோடு அவரை எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறார் மணியம். போன் சட்டைப் பையில் அடித்தது தெரியவே இல்லை. சட்டை நனைந்திருந்தது. என்னிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலேயே டார்ச் லைட்டை எடுத்துப் பெட்டிக்குள் பிடித்தார். அதற்கப்புறம் அவர் என்னை ஒருநாளும் கேலி செய்ததில்லை.

நான்கு முனை. நான்கையும் இறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினேன். கம்பத்துக்கு ஓடினேன். பைக்குள் கிடந்த ஃபியூஸ் என் வேர்வையில் நனைந்திருந்தது, பாவாடைத் துணியில் துடைக்க ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். மாட்டினேன். திரும்பி ஓடி வந்து கைப்பிடியைத் தூக்கினேன்.

மெஷின் உறுமியது. சிலிண்டரில் ஏழு நிமிடம் மிச்சம் இருந்ததாக அண்ணி பிறகு சொன்னார்.

கெட்டிலைப் போடச் சொன்னேன். ஒருவரும் நகரவில்லை. நானே போய்ப் போட்டேன், சட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்துக் குக்கரையும் போட்டேன். பன்னிரண்டு ஆம்பியர். 220 வோல்ட். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றேன். அது குளிர்ந்தே இருந்தது.

எத்தனை தடவை

விரல் கிளிப் தொண்ணூற்று நான்கைத் தொட்ட பிறகுதான் அண்ணன் கண்ணைத் திறந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்துவிட்டு, இங்கேயே இருக்கலாம் என்று சொல்லிப் புது சிலிண்டர் ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே இலை போட ஆரம்பித்திருந்தார்கள்.

என்ன கோளாறு என்று அண்ணன் கையாலேயே கேட்டார்.

"எறும்புண்ணே. பெட்டிக்குள்ள கூடு கட்டியிருந்துச்சு."

அண்ணி கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தார். நான் சுரண்டிப் போட்டதைக் கூட்டி அள்ளியவர் அவர்தான். எறும்பு இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியும். குனிந்து போர்வையைச் சரி செய்தார்.

அண்ணன் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"பலகைச் சுவருதானே பாப்பா. கேட்டுச்சு. அந்த முட்டாள் நான்தான்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆரம்பித்தது நான்தான், ஓட்டையை அடைக்காமல் விட்டதும் நான்தான் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீ ஒரு தடவ. நான் இருபத்தஞ்சு தடவ."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மொத வருசம் நீ வெச்ச. அடுத்த வருசமும் வருவேன்னு பழத்த வாங்கி வெச்சிருந்தேன். நீ வரல. பழம் வீணாப் போகக் கூடாதுன்னு நானே வெச்சேன்."

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எனக்கு ஆலையில் வேலை இருந்தது. ஆலை மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, மேனேஜரோடு போட்டோ எடுத்து முடிய மாலையாகிவிடும். அண்ணன் வீட்டுக்கு ஒரு போன்கூடப் போட்டதில்லை. இந்த வருடம் ஆக்சிஜன் குழாயை நீட்டிக்கொண்டு, அண்ணி தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டி வரைக்கும் நடந்திருக்கிறார். என் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுவாராம். அதை அவர் சொல்லவில்லை, பிறகு இலை போட்டபோது அண்ணி சொன்னார். அன்றைய சோறு அடி பிடித்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

கடைசி அளவு

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் அண்ணி போன் செய்தார். அழவில்லை. வா என்று மட்டும் சொன்னார்.

மம்பாவிலிருந்து அந்தத் தோட்டம் வரை எப்படிக் கார் ஓட்டினேன் என்று தெரியாது. போனபோது கூடாரம் இன்னும் போட ஆரம்பிக்கவில்லை. அறைக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அண்ணிக்கு மனம் வரவில்லை போலும்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான். அண்ணன் முகத்தைப் பார்க்கும் முன்பு தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து மீட்டரை எடுத்துப் பிளக்கில் வைத்தேன். முனை துளைக்குள் போகாமல் இரண்டு முறை தவறியது.

அண்ணி பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எவ்ளோ காட்டுது?"

"எரநூத்தி இருபத்து மூணு."

"அப்ப கரண்டு சரியாத்தான் வந்திருக்கு."

"சரியாத்தான் வந்திருக்கு அண்ணி."

அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் அழுதோம்.